அளவுக் கேனில் இறங்காத பால்

1. நாலு சொன்னார், இரண்டரை வந்தது

கேனில் பால் இரண்டரை லிட்டர் கோட்டோடு நின்றுவிட்டது. நுரை அடங்கட்டும் என்று காத்திருந்தோம். அடங்கியதும் அது கோட்டுக்குக் கீழேயே போனது.

முந்தைய நாள்தான் மங்கல் தாயி அதே தொழுவத்து வாசலில் உட்கார்ந்து என்னிடம் சொல்லியிருந்தார்: "காலைக் கறவை மட்டும் நாலு லிட்டர். என் காஜல் ஒரு நாளும் ஏமாத்தினதில்ல." காஜல் அவருடைய எருமை. தாயி என்றால் மராத்தியில் அக்கா. இப்போது அவர் கேனையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். பின்னால் நின்ற அவருடைய கணவர் சிரித்தார்.

"நான் நேத்தே ரெண்டரைன்னு சொன்னேனா இல்லையா? இவ எதையும் கூட்டித்தான் சொல்லுவா. எங்க கல்யாணத்துக்கு எவ்வளவு கூட்டம்னு கேட்டுப் பாருங்க, ஊரே பத்தாது!"

வேடிக்கை பார்க்க வந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். மங்கல் தாயி முந்தானையைத் தலைக்கு மேல் இழுத்துவிட்டுக்கொண்டு உள்ளே போய்விட்டார். கொஞ்ச நேரத்தில் எங்களுக்கு டீ வந்தது. அவர் வரவில்லை.

நான் அந்த டீயைக் குடித்தேன். குடித்திருக்க வேண்டுமா, உள்ளே போய் அவரிடம் இரண்டு வார்த்தை பேசியிருக்க வேண்டுமா என்று புனேக்குப் பக்கத்துச் சிரூரிலிருந்து கராடி ஆபீஸ் வரும்வரை யோசித்துக்கொண்டே வந்தேன்.

சர்வே வேலைக்கு வர நினைப்பவர்களுக்காக இதை எழுதுவதால், வேலை என்ன என்று சொல்லிவிடுகிறேன். டேரிக்குப் போகும் பாலுக்குக் கணக்கு இருக்கிறது. வீட்டில் டீயாகவும் தயிராகவும் நெய்யாகவும் போகும் பாலுக்கு இல்லை. பக்கத்து வீட்டுக்குச் செம்பில் ஊற்றிக் கொடுக்கும் பாலுக்கும் இல்லை. ஒரு நாட்டின் வீடுகளில் எவ்வளவு பால் கறக்கிறார்கள் என்று தெரிய வேண்டுமானால் வீடு வீடாகப் போய்க் கேட்கத்தான் வேண்டும். அந்தக் கேள்வியை எப்படிக் கேட்டால் சரியான பதில் வரும் என்று சோதிப்பது எங்கள் நிறுவனத்தின் வேலை. இங்கே தேறும் கேள்வித்தாள் பிறகு நேபாளத்துக்கும் கென்யாவுக்கும் போகும். அதனால் இங்கே ஒரு கேள்வி தப்பானால் யார் யார் வீட்டு எருமையோ அதனால் பாதிக்கப்படும். இப்படி நினைத்துத்தான் நான் எப்போதும் என்னைப் பயமுறுத்திக்கொள்வேன்.

பெரிய சர்வேக்கு முன்னால் சில கிராமங்களில் ஓட்டிப் பார்ப்பதற்கு பைலட் என்று பெயர். எங்கள் பைலட்டில் முறை எளிது. ஒரு நாள் போய்க் கணவரிடமும் மனைவியிடமும் தனித்தனியாகக் கேட்போம். மறுநாள் காலை அளவுக் கேனோடு போய், கறக்கும்போதே அளப்போம். யார் சொன்னது கேனோடு ஒத்துப்போகிறது என்று பார்ப்போம். பிரசவ விடுப்பு முடிந்து வந்ததும் எனக்குக் கொடுத்த முதல் வேலை இதுதான்.

2. கேன் ஆம்பளைங்க பக்கம்

மங்கல் தாயி வீட்டில் நடந்ததுதான் அநேகமாக எல்லா வீடுகளிலும் நடந்திருந்தது. பெண்கள் அதிகம் சொன்னார்கள். ஆண்கள் குறைவாகச் சொன்னார்கள். கேன் ஆண்களுக்குப் பக்கத்தில் நின்றது.

எங்கள் தலைவர் கேதகி மேடம் புனேக்காரர். வேகமாகப் பேசுவார், அதைவிட வேகமாக முடிவெடுப்பார். திரையில் இருந்த கிராஃபைப் பார்த்தபடி பேனாவை மேசையில் தட்டினார்.

"பாத்தியா சுபா, கேன் ஆம்பளைங்க பக்கம். இனிமே வீட்டுத் தலைவர்கிட்ட மட்டும் கேட்போம். பொம்பளைங்ககிட்ட கேக்கிற பகுதியை எடுத்துடு. நேரமும் மிச்சம்."

"மேடம், கறக்கிறது அவங்கதானே…"

"கறக்கிறாங்க, சரி. சொல்றது தப்பா இருக்கே?"

"ஆமா மேடம்."

"என்ன ஆமா?"

"இல்ல மேடம். ஒரு தடவை செக் பண்ணிட்டுச் சொல்றேன்."

"திங்கக்கிழமை கேள்வித்தாள் போயாகணும். அதுக்குள்ள எத்தனை தடவை வேணாலும் செக் பண்ணு."

தன் கையால் தீவனம் வைத்து, குளிப்பாட்டி, கறந்து, உறை ஊற்றி, நெய் உருக்கும் ஒருவரிடம் இனி யாரும் பாலைப் பற்றிக் கேட்கவே மாட்டார்கள். கேட்டால் தப்பாகச் சொல்வார் என்று எழுதிவைத்துவிடப் போகிறோம், அதுவும் என் பைலட்டை ஆதாரமாகக் காட்டி. எனக்கு அதை ஏற்க மனம் வரவில்லை. ஆனால் கேன் பொய் சொல்லாதே? அப்படியென்றால் தப்பு என்னுடையதாகத்தான் இருக்க வேண்டும்.

எனக்கு எப்போதும் முதலில் தோன்றுவது அதுதான்.

3. ஒரு லிட்டர் ஒரு லிட்டர்தானா

கேனை வீட்டுக்கே எடுத்துவந்தேன். சிஞ்ச்வடில் எங்கள் சமையலறை மேடையில் அதை வைத்து, பால் பாக்கெட் வெட்டி ஊற்றிப் பார்த்தேன். பிறகு தண்ணீர். பிறகு குழந்தையின் பாட்டிலால் அளந்து ஊற்றிப் பார்த்தேன். என் கணவர் கணேஷ் வண்டி உதிரிபாகக் கம்பெனியில் தரக்கட்டுப்பாட்டில் இருப்பவர். அளவு சம்பந்தப்பட்ட எதையும் அவரால் சும்மா பார்த்துக்கொண்டிருக்க முடியாது.

"சுபா, ஒரு லிட்டர் ஒரு லிட்டராத்தான் இருக்கு. நீ எத்தனை தடவை ஊத்தினாலும் அது மாறாது."

"கோடு தப்பா போட்டிருந்தா?"

"கோடு சரி. நீதான் கோடு தாண்டிப் போயிட்டிருக்க. பாப்பா எந்திரிச்சிட்டா, போ."

கேனில் கோளாறு இல்லை. ஊற்றிய விதத்திலும் இல்லை. நுரை அடங்கும்வரை காத்திருந்திருக்கிறோம். என்னோடு களத்துக்கு வந்த ஸ்நேஹல் எழுதிய எண்களும் சரி. என்மேல் தப்பு இல்லை என்றதும் நிம்மதி வர வேண்டும். எனக்கு வேறொரு பயம்தான் வந்தது. அப்படியானால் மங்கல் தாயி சொன்னது பொய்தானா?

4. ஸ்டோர் ரூம்

இனி வருவதை எழுதலாமா வேண்டாமா என்று யோசித்தேன். எழுதாவிட்டால் மீதிக் கதை புரியாது.

என் மகள் யாழினிக்கு அப்போது ஆறு மாதம் முடிந்திருந்தது. பகலில் எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பிலேயே, நாலாவது மாடியில் வைஷாலி நடத்தும் பாளணாகரில், அதாவது குழந்தைகள் காப்பகத்தில் விட்டுவிட்டு வருவேன். மறுநாளைக்கான பாலை ஆபீஸில் பம்ப் வைத்து எடுத்து, ஐஸ் பெட்டியில் கொண்டுபோக வேண்டும். அதற்காக எனக்கு ஒதுக்கிய இடம் ஸ்டோர் ரூம். பழைய பேனர்கள், கால் உடைந்த நாற்காலிகள், அவற்றுக்கு நடுவே நான்.

அன்றும் உட்கார்ந்தேன். பம்ப் கிர்கிர் என்றது. பாட்டிலின் அடி நனைந்தது. கதவு தட்டப்பட்டது.

"மேடம், ப்ரொஜெக்டர் வயர் உள்ள இருக்கா?"

"இல்ல!"

"மஞ்ச டப்பாக்குள்ள பாருங்களேன்."

"மஞ்ச டப்பாவே இல்ல!"

"அப்ப பச்ச டப்பா?"

அதற்குப் பிறகு ஒரு சொட்டுகூட வரவில்லை. பாட்டிலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். பால் முதல் கோட்டைக்கூட எட்டவில்லை. எனக்குப் பால் வற்றிவிட்டது என்று முடிவு கட்டினேன். குழந்தை பட்டினி கிடக்கிறது, சொல்லத் தெரியாமல் சிரிக்கிறது என்றுகூட நினைத்தேன்.

மாலையில் நேராக டாக்டரிடம் போனேன். அவர் குழந்தையின் எடை அட்டையைக் கேட்டார். பார்த்தார். திருப்பித் தந்தார்.

"நல்லா ஏறியிருக்கே. எதுக்கு வந்தீங்க?"

"பால் பத்தல டாக்டர். பம்ப்ல வரவே மாட்டேங்குது."

"பம்ப்ல வர்றதை வெச்சு உங்ககிட்ட எவ்வளவு இருக்குன்னு கணக்குப் போடாதீங்க. பயத்தோட, அவசரத்தோட, கதவைப் பாத்துக்கிட்டே உக்காந்தா இருக்கிறதும் இறங்காது. குழந்தை வாய் வெச்சா வேற."

தலையாட்டினேன். நம்பவில்லை. அட்டை தப்பாக இருந்தால் என்று யோசித்தபடியே வீடு வந்து, பாளணாகருக்கு மாடி ஏறினேன். மூன்றாவது மாடியில் இருக்கும்போதே யாழினியின் அழுகுரல் கேட்டது. அவளைப் பார்க்கக்கூட இல்லை, குரல்தான். அதற்குள் என் துப்பட்டா நனைந்துவிட்டது. இத்தனை பால் மத்தியானம் எங்கே இருந்தது?

அந்தப் படியிலேயே நின்று ஸ்நேஹலுக்கு போன் செய்தேன்.

"அன்னைக்கு மங்கல் தாயி தொழுவத்துக்குள்ள நாம எத்தனை பேர் நின்னோம்?"

"நீங்க, நான், டிரைவர், தாயியோட வீட்டுக்காரர். டேரிக்காரர் ஒருத்தர் எட்டிப் பாத்தார். அப்புறம் பக்கத்து வீட்டு ஆளுங்க. ஏன் மேடம், டீக்கு காசு குடுக்கணுமா?"

"எருமை என்ன பண்ணிச்சு?"

"எருமையா? நம்மளைத்தான் பாத்துக்கிட்டு நின்னுது. ரொம்ப முறைச்சு."

5. என்ன எழுதறது, எருமைக்குக் கூச்சம்னா?

கேதகி மேடமிடம் இதை எப்படிச் சொல்வது என்று நான்கு விதமாக மனப்பாடம் செய்துகொண்டு போனேன். உள்ளே போனதும் நான்கும் ஒன்றாக வெளியே வந்தன. ஸ்டோர் ரூம், பம்ப், டாக்டர், மாடிப்படி, எருமை.

அவர் கண்ணாடியைக் கழற்றினார்.

"சுபா. ரிப்போர்ட்ல என்ன எழுதறது? எருமைக்குக் கூச்சம்னா?"

"கூச்சம் இல்ல மேடம், பயம். புது ஆளுங்க, புது கேன். பாலை அடக்கிக்கிட்டா மடியில இருந்தும் வராது. நாம அளந்தது பால் எவ்வளவுன்னு இல்ல. நாம நிக்கும்போது எவ்வளவு வருதுன்னு."

"ஆம்பளைங்க சொன்னது கேனோட ஒத்துப்போச்சே, அது?"

வழக்கமாக இந்த இடத்தில் "சரி மேடம்" என்று எழுந்துவிடுவேன். அன்று எழுந்திருக்கவில்லை. சமையலறைக்குள் போய்விட்ட மங்கல் தாயியின் முதுகு கண்ணில் நின்றது.

"தெரியல மேடம். ஆனா ஒரு தடவை ஆள் இல்லாம அளந்து பாக்கணும்."

"ஆள் இல்லாமன்னா கேனை அவங்ககிட்டயே விட்டுட்டு வருவியா? அவங்க தண்ணி ஊத்தி நாலாக்கினா?"

"மாட்டாங்க மேடம்."

"மாட்டாங்கன்னு எனக்கும் தெரியும். ரிப்போர்ட் படிக்கிறவனுக்குத் தெரியாதே. நம்ம ஆள் ஒருத்தர் பக்கத்துல இருக்கணும், எருமைக்குத் தெரியவும் கூடாது. அதுக்கு வழி கண்டுபிடி. சனி, ஞாயிறு எடுத்துக்கோ."

6. புடவை

வழியை மங்கல் தாயியிடமே கேட்டேன். சனிக்கிழமை காலைக் கறவைக்கு முன்பே அவர் வாசலில் போய் நின்றபோது, வாங்க என்றார். சிரிக்கவில்லை. நான் விஷயத்தைச் சொல்லி முடித்ததும் மெதுவாக ஒரு சிரிப்பு வந்தது.

"பான்ஹா விடல. அன்னைக்கே எனக்குத் தெரியும்." மடியில் பால் சுரந்து இறங்குவதை அவர்கள் பான்ஹா என்பார்கள். "அத்தனை பேர் நின்னா எப்படி விடும்?"

"தாயி, அப்பவே எங்களை வெளிய போகச் சொல்லியிருக்கலாமே?"

"நல்லாருக்கே! வீட்டுக்கு வந்தவங்களை வெளிய போன்னு சொல்லுவாங்களா? நீங்களா நின்னீங்க. ஆபீஸ் வேலை, நின்னுதான் அளக்கணும்போலன்னு நெனச்சேன்."

"இப்ப நான் ஒருத்தி மட்டும் உள்ள இருக்கணும். எருமைக்குத் தெரியாம."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். உள்ளே போய்க் கொடியில் கிடந்த பழைய புடவை ஒன்றை எடுத்துவந்தார். துவைக்காதது. சாணமும் தீவனமும் புகையும் சேர்ந்த வாசம்.

"இதைச் சுத்திக்க. நான் பொறந்த வீட்டுக்குப் போனா இவரும் இதைச் சுத்திக்கிட்டுத்தான் கறப்பாரு."

வாசலில் பல் குச்சியோடு நின்ற கணவர் அவசரமாக அந்தப் பக்கம் திரும்பினார். ஸ்நேஹல் அவரைக் காகா, அதாவது சித்தப்பா என்றுதான் கூப்பிடுவாள். விடவில்லை.

"காகா, முந்தானையும் போட்டுக்குவீங்களா?"

"எல்லார் வீட்டுலயும் அப்படித்தான்மா. நான் மட்டுமா?"

"கலர் நல்லா எடுப்பா இருக்கும்ல?"

"ஏய், அளக்க வந்தியா, வம்பு இழுக்க வந்தியா?"

ஸ்நேஹலையும் டிரைவரையும் அவரையும் தண்ணீர்த் தொட்டிக்கு அப்பால் அனுப்பிவைத்தோம். சுடிதாருக்கு மேலேயே அந்தப் புடவையைச் சுற்றிக்கொண்டேன். தாயி என் தலையை மூடிவிட்டார். "பேசாதே. அவ கண்ணைப் பாக்காதே" என்றார். சுவரோரம் குந்தி உட்கார்ந்தேன். புது வாசனை போகட்டும் என்று கேனுக்குள் முன்கூட்டியே அவர் வீட்டுப் பாலைக் கொஞ்சம் ஊற்றி அலசி, வழக்கமான பாத்திரத்துக்குப் பக்கத்தில் வைத்திருந்தோம்.

உண்மையைச் சொல்கிறேன், எழுந்து போய்விடலாமா என்றுகூட அப்போது நினைத்தேன். இன்றும் இரண்டரைதான் வந்தால்? ஒரு தடவை பொய்க்காரி ஆனவரை நானே தேடிவந்து இரண்டாவது தடவையும் ஆக்கியதாகிவிடும். போன தடவையாவது அவருக்கு ஒரு சாக்கு இருந்தது. இப்போது அதையும் நான் எடுத்துவிட்டேன்.

தாயி கன்றை அவிழ்த்துவிட்டார். அது முட்டி முட்டிக் குடித்தது. கொஞ்ச நேரத்தில் இழுத்து எருமையின் முகத்தருகே கட்டினார். காஜல் ஒருமுறை என் பக்கம் திரும்பியது. நான் மண்ணைப் பார்த்தேன். அது மூச்சு விட்டது. பிறகு கன்றை நக்கத் தொடங்கியது. தாயி தொண்டைக்குள் ஏதோ முனகியபடி மடியைத் தடவினார். பாத்திரத்தில் முதல் பீச்சு விழுந்த சத்தம் இன்றும் என் காதில் இருக்கிறது. சத்தம் நிற்கவில்லை, கனத்துக்கொண்டே போனது.

அந்தச் சத்தத்தைக் கேட்டோ, கன்று கத்தியதாலோ, எனக்கும் இறங்கிவிட்டது. யாழினி எங்கோ சிஞ்ச்வடில் தூங்கிக்கொண்டிருக்கிறாள், நான் சிரூர்ப் பக்கம் ஒரு தொழுவத்தில் இன்னொருவர் புடவையை நனைத்துக்கொண்டிருக்கிறேன். தாயி திரும்பிப் பார்த்தார். எருமை மிரளக் கூடாதே என்று வாயை மூடிக்கொண்டு, தோள் குலுங்கச் சிரித்தார்.

"உனக்குமா!" என்றார் கிசுகிசுப்பாக.

பாலைக் கேனில் ஊற்றினோம். நுரை அடங்கட்டும் என்று உட்கார்ந்தோம். நான் விரல்களை மடக்கிக்கொண்டிருந்தேன். அடங்கியது. நாலு லிட்டர் கோட்டுக்குச் சற்றுக் கீழே நின்றது.

எனக்குக் கத்த வேண்டும் போலிருந்தது. தாயி மட்டும் முகம் சுளித்தார்.

"நாலுக்குக் குறையுதுன்னு எழுதாதே. கன்னு குடிச்சதை எங்கே விட்டே? அதையும் சேர்த்துத்தான் நாலு."

எங்கள் கேள்வித்தாளில் கன்று குடிப்பதற்கு இடமே இல்லை. அதுவும் அன்றுதான் எனக்கு உறைத்தது.

தொட்டிக்கு அப்பாலிருந்து எல்லோரும் வந்தார்கள். கணவர் கேனைச் சுற்றி ஒருமுறை நடந்தார்.

"இப்ப சொல்லுங்க," என்றார் தாயி.

"நான் டேரியில ஊத்தறதைச் சொன்னேன். ரெண்டரைதான் ஊத்தறேன். நான் கறந்தாலும் அது அவ்வளவுதான் விடும். மிச்சத்தை நீ எடுத்துவெக்கிறது எனக்கு எப்படித் தெரியும்?"

"அப்ப வீட்டு நெய் எங்கேருந்து வருதுன்னு நெனச்சீங்க காகா?" என்றாள் ஸ்நேஹல்.

அவர் கொஞ்சம் யோசித்தார். "அதை யோசிக்கல," என்றார்.

இந்தத் தடவை சிரிப்புச் சத்தத்தில் தாயியின் குரல்தான் பெரிதாகக் கேட்டது. கேதகி மேடமின் கேள்விக்கும் பதில் கிடைத்துவிட்டது. கணவர் தன் கண்ணில் படும் பாலைச் சொன்னார். எருமை எங்கள் கண்முன் விட்ட அளவும் தற்செயலாக அதே அளவு. இரண்டு குறைகள் ஒன்றோடொன்று ஒத்துப்போனதை நாங்கள் சரியான விடை என்று நினைத்துவிட்டோம்.

அந்த இரண்டு நாளும் மற்ற வீடுகளிலும் அந்தந்த வீட்டுப் புடவையைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்தேன். ஒரு எருமை மட்டும் என்னைக் கண்டுபிடித்து உதைக்க வந்தது. மற்றவை விட்டுக்கொடுத்தன. அங்கேயும் கேன் பெண்கள் பக்கம் வந்தது.

7. இப்போது

திங்கட்கிழமை கேள்வித்தாள் போனது. கறப்பவரிடம்தான் கேட்க வேண்டும் என்று முதல் பக்கத்திலேயே இருக்கிறது. டேரிக்குப் போனது, வீட்டில் வைத்தது, அக்கம்பக்கத்துக்குக் கொடுத்தது, கன்றுக்கு விட்டது என்று தனித்தனியாகக் கேட்கிறோம். கேதகி மேடம் ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னார்: "சரி." மறுநாள் ஸ்டோர் ரூம் கதவில் உள்பக்கம் ஒரு தாழ்ப்பாள் இருந்தது. ப்ரொஜெக்டர் வயர் அவர் மேசைக்குக் குடிபோயிருந்தது.

பம்ப் பாட்டிலின் கோடுகள் தெரியாதபடி அதற்கு யாழினியின் சாக்ஸ் ஒன்றை மாட்டிவிட்டேன். அவள் போட்டுக் கழற்றிய சட்டையை மடியில் வைத்துக்கொள்கிறேன். துவைக்காத சட்டை. எடை அட்டையை இப்போதும் அடிக்கடி எடுத்துப் பார்ப்பேன்தான். அது என் சுபாவம். ஆனால் முன்புபோல் ஏறாமல் போயிருக்குமோ என்று தேடுவதில்லை.

இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். கருவி காட்டும் எண்ணை எழுதுங்கள். அதை வைத்து ஒருவர் சொன்னதைப் பொய் என்று எழுதுவதற்கு முன்னால், அளக்கும்போது நீங்கள் எங்கே நின்றீர்கள் என்று ஒருமுறை திரும்பிப் பாருங்கள்.

கேள்வித்தாளில் அதற்கும் ஒரு வரி சேர்த்திருக்கிறோம்: 'கறக்கும்போது அருகில் இருந்தவர்கள்'. மங்கல் தாயி வீட்டுத் தாளில் ஸ்நேஹல் அதை நிரப்பியிருந்தாள். நான் திருத்தப் போய், வேண்டாம் என்று விட்டுவிட்டேன். அப்படியே ரிப்போர்ட்டிலும் போனது.

'மங்கல் தாயி. கன்று. இன்னொரு மங்கல் தாயி.'